எல்லை தாண்டும் பேருந்து

நுழையும் முன்

இரண்டு வீட்டார் சேர்ந்து ஒரு கிணறு வெட்டுகின்றனர் என்று கொள்வோம். வெட்டுக்கூலியில் யார் பங்கு எவ்வளவு? கோடையில் நீர் குறைந்தால் யார் முதலில் இறைப்பது? தூர் வாரும் செலவை யார் ஏற்பது? கிணறு வெட்டுவதைவிட இவ்வினாக்களுக்கு விடை காண்பதே கடினம். அருகருகே அமைந்த இரண்டு மாநகராட்சிகள் ஒரே பேருந்து நிறுவனத்தை நடத்தும்போதும் இவ்வினாக்களே எழுகின்றன. பொதுப் போக்குவரத்துக்கான பணம் எங்கிருந்து வருகிறது, அதனை உள்ளாட்சிகள் எவ்வாறு பங்கிடுகின்றன, அப்பங்கீடு மக்களின் அன்றாட வாழ்வை எவ்வாறு தொடுகிறது என்பவற்றை மகாராட்டிர மாநிலத்தின் புனே பகுதியைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

1. பாலத்தின் இரு கரைகள்

புனே நகரின் சிவாஜிநகரிலிருந்து நிக்டி செல்லும் பேருந்து பழைய மும்பைச் சாலையில் வடமேற்காக ஓடுகிறது. கட்கி பாசறைப் பகுதியை ஒட்டிச் சென்று, போபோடியைக் கடந்து, முளா ஆற்றின் மேலுள்ள ஹாரிஸ் பாலத்தில் ஏறுகிறது. பாலத்தின் தென்கரை புனே மாநகராட்சியைச் சேர்ந்தது. வடகரையிலுள்ள தாபோடி பிம்ப்ரி-சிஞ்ச்வாட் மாநகராட்சியைச் சேர்ந்தது. பேருந்தில் அமர்ந்திருப்பவர் எல்லை மாறியதை உணர்வதில்லை. பயணச்சீட்டு மாறுவதில்லை, ஓட்டுநரும் மாறுவதில்லை. ஆயினும் அந்தப் பேருந்து நாள்தோறும் தடையின்றிப் பாலத்தைக் கடப்பதற்கு இரண்டு மாநகராட்சிகளின் கருவூலங்களும் இணங்க வேண்டியிருக்கிறது.

புனே மாநகராட்சி 1950ஆம் ஆண்டில் உருவானது. கல்வி நிலையங்களுக்கும் பழைய பேட்டைகளுக்கும் பெயர் பெற்ற நகரம் அது. பிம்ப்ரி-சிஞ்ச்வாட் தொழிற்சாலைகளால் வளர்ந்த நகரம். 1954ஆம் ஆண்டில் பிம்ப்ரியில் மருந்துத் தொழிற்சாலை ஒன்று நிறுவப்பட்டது. அதன்பின் ஊர்திகளையும் உதிரிப்பாகங்களையும் உருவாக்கும் ஆலைகள் பல எழுந்தன. 1982ஆம் ஆண்டில் அவ்வூர் மாநகராட்சியாக உயர்ந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புனே மாநகராட்சியில் ஏறத்தாழ 31.2 இலட்சம் பேரும், பிம்ப்ரி-சிஞ்ச்வாடில் ஏறத்தாழ 17.3 இலட்சம் பேரும் வாழ்ந்தனர்.

நிருவாகத்தில் இவை இரண்டு நகரங்கள். அன்றாட வாழ்வில் ஒன்றே. ஹடப்சரில் குடியிருப்பவர் போசரித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்கிறார். நிக்டியில் வாழும் மாணவி சிவாஜிநகரிலுள்ள கல்லூரிக்கு வருகிறாள். இவர்களுடைய பயணம் எந்த நகரத்தின் பயணம்? இவர்களுக்கான பேருந்தின் செலவை எந்த நகரம் ஏற்க வேண்டும்? பொது நிதியைப் பற்றிய எல்லா விவாதங்களும் இந்த எளிய வினாவிலிருந்தே தொடங்குகின்றன.

2. இரண்டு நிறுவனங்கள் ஒன்றாயின

முன்னாளில் இவ்விரு மாநகராட்சிகளும் தனித்தனியே பேருந்துகளை நடத்தின. தமிழ்நாட்டில் நகரப் பேருந்துகளை மாநில அரசின் போக்குவரத்துக் கழகங்கள் நடத்துகின்றன. மகாராட்டிரத்தின் பெருநகரங்கள் சிலவற்றிலோ மாநகராட்சியே பேருந்து நடத்தும் மரபு உண்டு. அம்மரபின்படி புனேயில் ஒரு நிறுவனமும் பிம்ப்ரி-சிஞ்ச்வாடில் மற்றொரு நிறுவனமும் இயங்கின. இரண்டுக்கும் தனித்தனிப் பணிமனைகள், தனித்தனிக் கணக்குகள், தனித்தனித் தடங்கள் இருந்தன. நகரங்கள் ஒன்றோடொன்று கலந்து வளர வளர இப்பிரிவு பொருளற்றதாயிற்று.

2007ஆம் ஆண்டில் இரண்டும் இணைக்கப்பட்டு, ‘புனே மகாநகர் பரிவகன் மகாமண்டல்’ என்னும் ஒரே நிறுவனம் உருவாக்கப்பட்டது. அதன் உரிமையாளர்கள் இரு மாநகராட்சிகளே. புனேயின் பங்கு நூற்றுக்கு 60. பிம்ப்ரி-சிஞ்ச்வாடின் பங்கு நூற்றுக்கு 40. ஆண்டுதோறும் ஏற்படும் பற்றாக்குறையையும் இதே விகிதத்தில் இரண்டும் ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

பற்றாக்குறை ஏன் ஏற்படுகிறது? பயணிகள் தரும் கட்டணம் எரிபொருள், ஊதியம், பழுதுபார்ப்பு ஆகிய செலவுகள் அனைத்தையும் ஈடுசெய்வதில்லை. மாணவர்களுக்கும் முதியோருக்கும் கட்டணச் சலுகை உண்டு. காலையிலும் மாலையிலும் நிரம்பி வழியும் பேருந்து நண்பகலில் பாதி வெறுமையாக ஓடுகிறது. கட்டணத்தை மிக உயர்த்தினால் ஏழைகள் பயணம் செய்ய இயலாது. வசதியுள்ளோர் இருசக்கர ஊர்திக்கு மாறிவிடுவர். ஆகவே நகரப் பேருந்தை வணிகமாக மட்டும் கருத இயலாது. தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் போல அதுவும் ஒரு பொதுப்பணி. அதன் பற்றாக்குறை வீண் செலவன்று. ஒரு சேவையின் விலையில் பயணியால் தர இயலாத பகுதியே அது.

3. பங்கிடும் அளவுகோல் எது?

60:40 என்னும் விகிதம் நியாயமானதா? மக்கள்தொகையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி புனேயின் பங்கு ஏறத்தாழ 64 விழுக்காடாகவும், பிம்ப்ரி-சிஞ்ச்வாடின் பங்கு 36 விழுக்காடாகவும் அமையும். பற்றாக்குறை 100 கோடி ரூபாய் என்று கொண்டால், அளவுகோலை மாற்றுவதால் மட்டுமே 4 கோடி ரூபாய்ச் சுமை ஒரு நகரத்திடமிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்துவிடும். நான்கு கோடி ரூபாயைக் கொண்டு நடைபாதைகளைச் செப்பனிடலாம். பள்ளிக் கட்டடங்களைப் புதுப்பிக்கலாம். அதனால்தான் விகிதத்தைப் பற்றிய விவாதம் வெறும் எண் விளையாட்டாக முடிவதில்லை.

மக்கள்தொகை ஒன்றே அளவுகோலன்று. வேறு அளவுகோல்களும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டு.

ஓடும் தொலைவு: ஒரு நகரத்துக்குள் பேருந்துகள் எத்தனை கிலோமீட்டர் ஓடுகின்றனவோ அதற்கேற்பச் செலவைப் பங்கிடலாம். கணக்கிடுவது எளிது. ஆனால் செலவைக் குறைக்க விரும்பும் நகரம், பயணிகள் குறைவாக உள்ள புறநகர்த் தடங்களை நிறுத்தச் சொல்லும். வேறு வழியற்ற மக்களே பெரும்பாலும் அத்தடங்களை நம்பி வாழ்பவர்கள்.

பயணிகளின் எண்ணிக்கை: யாருடைய மக்கள் மிகுதியாகப் பயணம் செய்கின்றனரோ அந்நகரம் மிகுதியாகத் தரலாம். ஆனால் ஹடப்சரில் ஏறிப் போசரியில் இறங்குபவரை எந்த நகரத்தின் கணக்கில் எழுதுவது? அவர் வாழும் நகரமும் பயன் பெறுகிறது. உழைக்கும் நகரமும் பயன் பெறுகிறது.

பொருள்வளம்: வரி வருவாய் மிகுதியாக உள்ள நகரம் மிகுதியாகத் தரலாம். இஃது இரக்கமுள்ள அளவுகோல். ஆனால் வரியை ஒழுங்காகத் திரட்டும் நகரத்துக்கு இது தண்டனையாகத் தோன்றக்கூடும்.

எந்த அளவுகோலும் முழுமையானதன்று. ஆகவே ஒரு விகிதத்தை ஏற்றுக்கொண்டு, நகரங்கள் மாறும்போது அதனை மறுபடியும் ஆராய்வதே நடைமுறை வழி. பணம் தரும் நகரம், ‘எங்கள் பங்குக்கேற்ற பேருந்துகள் எங்கள் பகுதியில் ஓடுகின்றனவா?’ என்று கேட்பது இயல்பு. கணக்குகள் வெளிப்படையாக இருந்தால் அவ்வினாவுக்கு விடை கூறலாம். மறைவாக இருந்தால் வினா ஐயமாகும், ஐயம் பிணக்காகும்.

4. பணம் வரும் வழிகள்

நகரப் போக்குவரத்துக்கான பணம் மூன்று வாய்க்கால்களில் வருகிறது: நடுவண் அரசு, மாநில அரசு, உள்ளாட்சி.

2005ஆம் ஆண்டு டிசம்பரில் நடுவண் அரசு ‘ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்பு இயக்கம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பத்து இலட்சத்துக்கு மேலும் நாற்பது இலட்சத்துக்குக் கீழும் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு அத்திட்டம் ஒரு பங்கீட்டு முறையை வகுத்தது. ஏற்கப்பட்ட திட்டம் ஒன்றுக்கு ஆகும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் நடுவண் அரசு 50 ரூபாய் தரும். மாநில அரசு 20 ரூபாய் தரும். எஞ்சிய 30 ரூபாயை நகரமே திரட்ட வேண்டும். பின்னர் 2009ஆம் ஆண்டில் புதிய பேருந்துகள் வாங்கவும் இவ்வியக்கத்தின் வழியே நகரங்களுக்கு உதவி கிடைத்தது.

இவ்விடத்தில் இருவகைச் செலவுகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். சாலை அமைத்தல், பேருந்து வாங்குதல், பணிமனை கட்டுதல் ஆகியவை மூலதனச் செலவுகள். ஓட்டுநருக்கு ஊதியம் தருதல், எரிபொருள் நிரப்புதல், தேய்ந்த உருளிப்பட்டைகளை மாற்றுதல் ஆகியவை நடைமுறைச் செலவுகள். மேலிருந்து வரும் நிதி பெரும்பாலும் மூலதனச் செலவுக்கே வருகிறது. நடைமுறைச் செலவு ஆண்டுதோறும் உள்ளாட்சியின் தோளில் விழுகிறது. புதிய பேருந்து வரும் நாளில் தோரணம் கட்டுவர், விழா எடுப்பர். ஐந்தாண்டுகளுக்குப் பின் அதே பேருந்து உதிரிப்பாகம் இன்றிப் பணிமனையில் நின்றால் யாரும் விழா எடுப்பதில்லை. பசுவை இலவசமாகப் பெற்றவர் தீவனத்துக்கு வழி தேடாவிட்டால் பால் கிடைக்காது.

பிம்ப்ரி-சிஞ்ச்வாட் மாநகராட்சி இதற்கு ஒரு வழி தேடியது. விரைவுப் பேருந்துத் தடங்களுக்கு அருகிலுள்ள நிலங்களில் கூடுதல் கட்டடப் பரப்புக்கு இசைவு தருவதால் கிடைக்கும் வருவாயைத் தனியே ஒதுக்கி, நகரப் போக்குவரத்து நிதி ஒன்றை அமைத்தது. நல்ல போக்குவரத்து வந்தால் நிலத்தின் மதிப்பு உயரும். உயர்ந்த மதிப்பின் ஒரு பகுதி போக்குவரத்துக்கே திரும்ப வேண்டும் என்பது இதன் அடிப்படை.

தெரிந்து தெளிவோம்

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் வழியே சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணை, நகர உள்ளாட்சிகளுக்கு உரியவையாக 18 பணிகளைக் குறிப்பிடுகிறது. சாலைகள், பாலங்கள், தெருவிளக்குகள், ஊர்தி நிறுத்துமிடங்கள், பேருந்து நிறுத்தங்கள் ஆகியவை அதில் உள்ளன. ஆனால் பேருந்து நடத்துதல் அப்பட்டியலில் தனிப்பணியாகக் குறிக்கப்படவில்லை. நிறுத்தம் ஒருவர் பொறுப்பு; நிறுத்தத்துக்கு வரவேண்டிய பேருந்து மற்றொருவர் பொறுப்பு என்னும் நிலை பல நகரங்களில் காணப்படுகிறது.

5. ஒரே சாலை, இரு முடிவுகள்

பொது நிதியை எதற்குச் செலவிடுவது என்னும் வினா புனேயில் கடுமையாக எழுந்தது விரைவுப் பேருந்துத் தடங்களைப் பற்றியே. சாலையின் ஒரு பகுதியைப் பேருந்துக்கென்றே ஒதுக்கினால் நெரிசலிலும் பேருந்து தாமதமின்றி ஓடும் என்பது இதன் கருத்து. 2006ஆம் ஆண்டில் வெளியான தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலைகள் ஊர்திகளுக்காக அல்ல, மக்களுக்காகவே என்று வலியுறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் காத்ரஜ், சுவார்கேட், ஹடப்சர் ஆகிய இடங்களை இணைத்து முன்னோடித் தடம் ஒன்று புனேயில் தொடங்கப்பட்டது.

ஆதரித்தவர்கள் எளிய கணக்கு ஒன்றைக் காட்டினர். ஒரு பேருந்தில் அறுபது பேர் செல்லலாம். அதே அறுபது பேர் இருவர் இருவராகக் காரில் சென்றால் முப்பது கார்கள் சாலையை அடைக்கும். ஆகவே பேருந்துக்கு இடம் தருவது பெரும்பான்மையோருக்கு இடம் தருவதாகும் என்றனர். எதிர்த்தவர்களுக்கும் காரணங்கள் இருந்தன. சாலையின் நடுவில் அமைந்த நிறுத்தத்தை அடையப் பாதசாரிகள் ஓடும் ஊர்திகளுக்கு இடையே கடக்க வேண்டியிருந்தது. சில இடங்களில் தடம் முழுமையாக அமையவில்லை. தனித்தடத்தில் பிற ஊர்திகள் நுழைந்தன. எஞ்சிய சாலை மேலும் குறுகியது என்றும் குறை கூறினர்.

2015ஆம் ஆண்டில் மேம்பட்ட வடிவில் புதிய தடங்கள் இரு மாநகராட்சிகளிலும் தொடங்கப்பட்டன. அதன்பின் இரு நகரங்களின் வழிகளும் பிரிந்தன. பிம்ப்ரி-சிஞ்ச்வாட் தன் தடங்களைப் பேணியது. 2018ஆம் ஆண்டில் தாபோடியிலிருந்து நிக்டி வரையிலான தடமும் அங்குத் திறக்கப்பட்டது. புனேயிலோ நகர் சாலையில் 2016ஆம் ஆண்டில் தொடங்கிய தனித்தடம் பின்னர் அகற்றப்பட்டது. பேருந்து நிறுவனம் ஒன்று. ஆனால் சாலைகளின் உரிமையாளர் இருவர். ஒரு கரையில் தனித்தடத்தில் விரையும் பேருந்து மறுகரையில் நெரிசலில் நிற்கிறது. ஒரு நகரம் மிச்சப்படுத்திய நிமிடங்களை மற்றொரு நகரத்தின் முடிவு செலவழித்துவிடக்கூடும். நிதியை இணைத்தால் மட்டும் போதாது, திட்டத்தையும் இணைக்க வேண்டும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

6. முடிவெடுப்போர் யாவர்?

மாநகராட்சியில் ஆணையர் வரவு செலவுத் திட்டத்தை உருவாக்குகிறார். நிலைக்குழு அதனை ஆராய்கிறது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் பொதுக்குழு இறுதி இசைவு தருகிறது. பேருந்து நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இரு நகர மேயர்களுக்கும் ஆணையர்களுக்கும் இடமுண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச்சில் இரு மாநகராட்சிகளின் பதவிக்காலமும் முடிவுற்றது. தேர்தல் உடனே நடைபெறாததால், நிருவாக அதிகாரிகளே பொறுப்பை ஏற்றனர். தன் பகுதியின் பேருந்து குறைந்துவிட்டது என்று முறையிட விரும்பும் குடிமகனுக்கு அத்தகைய காலத்தில் பொதுக்குழுவில் குரல் கொடுக்க உறுப்பினர் இல்லை.

இரு நகரங்களுக்கும் அப்பால் ஊராட்சிகள் உள்ளன. சுற்றுவட்டாரத்தைத் திட்டமிட 2015ஆம் ஆண்டில் புனே பெருநகர மண்டல வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. நகரப் பேருந்துகள் அச்சிற்றூர்களுக்கும் செல்கின்றன. பயன் பெறுவோர் மூவராகும்போது இருவர் மட்டும் பற்றாக்குறையை ஏற்பது முறையா என்னும் வினா இதனால் எழுந்தது.

இத்தகைய வினாக்களை எதிர்நோக்கியே அரசியலமைப்பின் 243இசட்இ பிரிவு, பத்து இலட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஒவ்வொரு பெருநகரப் பகுதிக்கும் பெருநகரத் திட்டக்குழு வேண்டும் என்கிறது. அக்குழுவின் உறுப்பினருள் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குறையாதோர், நகர உள்ளாட்சிகளின் உறுப்பினர்களாலும் ஊராட்சித் தலைவர்களாலும் தம்முள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். உள்ளாட்சிகளின் பொதுநலன்களையும், நீர் முதலிய வளங்களின் பகிர்வையும், ஒருங்கிணைந்த கட்டமைப்பு வளர்ச்சியையும் கருத்திற்கொண்டு அக்குழு வரைவுத் திட்டம் உருவாக்க வேண்டும். எல்லைகளுக்கு மேலே ஒரு பொது மேசையை அமைத்து, எல்லா உள்ளாட்சிகளையும் அதைச் சுற்றி அமரச் செய்வதே இதன் நோக்கம்.

7. நல்ல பங்கீட்டின் இலக்கணம்

திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் அரசின் திறன்களுள் பொருளை வகுத்தலையும் ஒன்றாக வைக்கிறது. பொருளைத் தேடுவதும் காப்பதும் போலவே பகுத்துச் செலவிடுவதும் ஆட்சிக்கலை என்பது அதன் கருத்து. புனேயின் பட்டறிவிலிருந்து நல்ல பங்கீட்டுக்கான சில நெறிகளைத் தொகுக்கலாம்.

பங்கீட்டு விகிதம் எழுத்தில் இருக்க வேண்டும். அதன் காரணமும் மக்களுக்குத் தெரிய வேண்டும். பேருந்து வாங்கும்போதே அதனைப் பேணும் செலவுக்கும் வழி வகுக்க வேண்டும். ஒரு நகரம் தன் சாலையை மாற்றும் முன் மறு நகரத்தின் பயணிகளையும் எண்ண வேண்டும். குறைந்த பயணிகள் உள்ள தடத்தை நிறுத்தும் முன், அதனை நம்பியிருப்பவர் யார் என்று கேட்க வேண்டும்.

2022ஆம் ஆண்டில் புனே மெட்ரோ தன் முதற்பகுதிகளைத் திறந்தது. அதன் வழித்தடம் ஒன்று பிம்ப்ரியிலிருந்து புனேக்குள் செல்கிறது. மெட்ரோ நிலையத்திலிருந்து வீட்டுக்குச் செல்லப் பேருந்தே வேண்டும் என்பதால் கூட்டுத் திட்டத்தின் தேவை மேலும் கூடியுள்ளது. நிலையத்தில் இறங்கி நெடுநேரம் காத்திருக்கும் பயணிக்கு 60:40 என்னும் விகிதம் தெரியாது. தெரிய வேண்டிய தேவையுமில்லை. பேருந்து வருமா, வராதா என்பதே அவர் கேட்கும் வினா. இரு நகரங்களும் கூடி வகுத்த கணக்கு சரியானதா என்பதற்கு அப்பேருந்தின் வருகையே விடை.

அருஞ்சொற்பொருள்

பற்றாக்குறை – வரவைவிட மிகுந்த செலவு
கருவூலம் – அரசின் பணம் வைக்கப்படும் இடம்
மூலதனச் செலவு – நெடுநாள் பயன்படும் பொருளை உருவாக்க ஆகும் செலவு
நடைமுறைச் செலவு – ஒன்றை நாள்தோறும் இயக்க ஆகும் செலவு
பட்டறிவு – அனுபவத்தால் பெற்ற அறிவு
பிணக்கு – மாறுபாடு, சச்சரவு

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 2007ஆம் ஆண்டில் இணைந்த இரண்டு பேருந்து நிறுவனங்கள் எந்த நகரங்களைச் சேர்ந்தவை?
2. நகரப் பேருந்தில் பற்றாக்குறை ஏற்படுவதற்கு இரண்டு காரணங்கள் கூறுக.
3. ஏற்கப்பட்ட திட்டத்தின் மதிப்பு 200 கோடி ரூபாய் எனில், 50:20:30 முறைப்படி ஒவ்வோர் அரசின் பங்கும் எவ்வளவு?

ஆ. பத்தி அளவில் விடை எழுதுக.
1. ஓடும் தொலைவை அளவுகோலாகக் கொள்வதன் நன்மையையும் குறையையும் விளக்குக.
2. ‘நிதியை இணைத்தால் மட்டும் போதாது, திட்டத்தையும் இணைக்க வேண்டும்’ – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.

இ. சிந்தித்து எழுதுக.
உங்கள் ஊரில் பேருந்து நிறுத்தத்தை அமைப்பவர் யார், பேருந்தை நடத்துபவர் யார் என்று கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.